பச்சாத்தா வகுப்பில் ஒப்பாரி

1

சனிக்கிழமை சாயங்காலமானால் நான் பச்சாத்தா ஆடப் போகிறேன். எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. அரியலூர் மாவட்டம் விக்கிரமங்கலத்துப் பிச்சைமுத்து மகள், ஐம்பதைத் தாண்டியவள், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவள், மாட்ரிட் நகரத்தில் முன்பின் தெரியாதவர்களின் தோளில் கை வைத்து ஆடுகிறாள் என்று ஊரில் போய்ச் சொன்னால், சொன்னவனைத்தான் சந்தேகப்படுவார்கள். போகட்டும். இதில் எப்படி மாட்டினேன் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அக்காவின் முதல் வருஷ திதிக்குப் போய்விட்டு இப்போதுதான் திரும்பியிருக்கிறேன். அவள் சாவையும் இந்த ஆட்டத்தையும் தனித்தனியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பச்சாத்தா டொமினிக்கன் நாட்டிலிருந்து வந்தது. இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் அடி வைத்துப் போய், கடைசியில் காலை லேசாகத் தட்டி, வந்த வழியே திரும்ப வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அவ்வளவுதான். ஆடிப் பார்த்தால்தான் இடுப்பு பேச்சைக் கேட்காது என்பது தெரியும். பழைய பாட்டில் ஒரு கிதார், ஒரு சின்னக் கைமேளம், தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஒரு கருவி, இவ்வளவுதான் இருக்கும். என் மகள் வயதுப் பிள்ளைகள் கேட்பது கலப்பு. மேலே அதே பழைய கிதார் அழுதுகொண்டிருக்கும், அடியில் ரெகேத்தோன் என்கிற நகரத்து அடி தும் தும்மென்று போகும், நடுவில் ஒருவன் மூச்சு விடாமல் பேசுவான். எங்கள் வீட்டுச் சுவரில் சாமி படம் அதிரும். வார்த்தை எனக்குப் பாதிதான் புரியும். யாரோ விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், இவன் அழுகிறான். ஒரு பாட்டு பாக்கியில்லாமல் இதே கதைதான்.

"அழுவுற பாட்டுக்கு ஏன்டி ஆடுறீங்க?" என்று மகள் கயலிடம் ஒருமுறை கேட்டேன். இந்த ஊர்ப் பிள்ளைகள் மாதிரி தோளைக் குலுக்கிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

2

அக்கா பெயர் பாக்கியம். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அப்பாவும் அம்மாவும் பருத்தி எடுக்கப் போய்விடுவார்கள் என்பதால் என்னை இடுப்பிலேயே வைத்து வளர்த்தவள். பள்ளிக்கூடத்துக்கும் அவள்தான் கூட்டிப்போவாள். சுண்ணாம்புக்கல் ஏற்றிய சிமெண்ட் கம்பெனி லாரிகள் போகிற ரோடு அது. லாரி வரும்போதெல்லாம் தாவணியால் என் மூக்கை மூடுவாள், அவள் புழுதியைக் குடிப்பாள். பிறகு கீழப்பழுவூரில் கட்டிக்கொடுத்தார்கள். ஒரே மகள் செல்வி. போன வருஷம் ஒருநாள் தலை சுற்றுகிறது என்று பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் வேனில்தான் வீட்டுக்கு வந்தாள்.

அந்த நேரம் பார்த்து என் குடியிருப்பு அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. அட்டை இல்லாமல் இந்த நாட்டை விட்டு வெளியே போகலாம், திரும்பி உள்ளே வர முடியாது. திரும்பி வருவதற்கு அனுமதிக் கடிதம் ஒன்று உண்டு. அதை வாங்க ஆபீஸில் நேரம் பதிய வேண்டும், பதிய கம்ப்யூட்டரில் இடம் காட்ட வேண்டும். காட்டவில்லை. நேரிலேயே போய் நின்றேன். இங்கே ஆளுக்கு இரண்டு குடும்பப் பெயர் இருக்கும். எனக்கு இருந்தது ஒரே ஒரு இனிஷியல். அதனால் எல்லாத் தாளிலும் நான் அப்பா பெயரில்தான் இருக்கிறேன். "பிச்சைமுத்து" என்று கூப்பிடுவார்கள், செத்துப்போன அப்பாவுக்குப் பதிலாக நான் எழுந்து போவேன்.

கவுண்டரில் இருந்த பெண் நல்லவள். துக்கம் தெரிவித்தாள். இறந்தவர் சொந்த அக்காதான் என்பதற்கு முத்திரை போட்ட காகிதம் கேட்டாள். காகிதத்துக்கு எங்கே போவேன்? அவள் இடுப்பில் வளர்ந்தவள் நான் என்று சொல்ல வந்து, எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் "என் அக்கா, என் இடுப்பு" என்றேன். அந்தப் பெண் எனக்கு இடுப்பு வலி என்று நினைத்து நாற்காலியைக் காட்டினாள். அட்டை கைக்கு வந்தபோது பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது.

எங்கள் பக்கத்தில் இழவு வீட்டுக்குப் பெண்கள் போகிற விதத்தைச் சொல்ல வேண்டும். ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும், இருந்தாலும் டவுனில் பிறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். உள்ளே போகிறவளை யாரும் "வாங்க" என்று சொல்லக்கூடாது. பிணத்தைச் சுற்றி ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு வட்டமாக உட்கார்ந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டு அழுதுகொண்டிருப்பார்கள். புதிதாக ஒருத்தி வந்தால் வட்டம் கையைப் பிரிக்கும், அவளை உள்ளே வாங்கிக்கொள்ளும், மூடிக்கொள்ளும். தோளில் கை விழுந்ததும் அழுகை தானாக வரும். செத்தவளோடு சண்டை போட்டு வருஷக்கணக்கில் பேசாதவளுக்கும் வரும். நெருங்கின சொந்தம் ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்து வந்தாலும் விடமாட்டார்கள். மறுபடி கட்டிக்கொண்டு அழுதாக வேண்டும். பச்சைத் தண்ணீர்கூட அதற்குப் பிறகுதான் கொடுப்பார்கள்.

அக்கா சாவை நான் போனில் பார்த்தேன். ஊரில் மத்தியானம், இங்கே காலை. முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை. துணி அடுக்குகிற அறையில் நின்றுகொண்டு வீடியோவில் பார்த்தேன். வட்டம் தெரிந்தது. யாரோ, "சித்தி பாக்குதுடி, மொகத்தக் காட்டு" என்று செல்விக்கு நேராகப் போனைத் திருப்பினார்கள். செல்வி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். என் கையில் மடித்த போர்வை இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை.

காரியம் முடிந்த அன்று கூப்பிட்டேன். செல்வி ஒரே தடவைதான் பேசினாள்.

"நீங்க வராதது கூட பரவால்ல சித்தி. பேப்பரு, ஆபீஸுன்னு ஆயிரம் இருக்கும். போன்ல உங்க மொகத்தப் பாத்தேன். எங்கம்மாவுக்கு ஒரு சொட்டு கண்ணீர் இல்ல உங்க கண்ணுல."

அதற்குப் பிறகு அவள் போனை எடுக்கவில்லை. அவள் சொன்னது உண்மை. அழுகை அன்றைக்கும் வரவில்லை, அதற்கப்புறமும் வரவில்லை. தனியாக உட்கார்ந்து அவள் போட்டோவைப் பார்த்தேன், குளிக்கும்போது தண்ணீரைத் திறந்துவிட்டு முயற்சி செய்தேன், ஒன்றும் நடக்கவில்லை. வருஷ திதிக்குப் போவேன், வட்டம் என்னை உள்ளே வாங்கும், நான் மரம் மாதிரி உட்கார்ந்திருப்பேன், செல்வி பார்த்துக்கொண்டிருப்பாள். இந்தப் பயம் வருஷம் பூராவும் இருந்தது. அக்கா விட்டுப்போனது அந்தப் பெண் ஒருத்திதான். அவளும் இல்லையென்றால் எனக்கு ஊர் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

3

கயல் இங்கே வந்தபோது சின்னப் பிள்ளை. இப்போது கல்லூரியில் படிக்கிறாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஸ்பானிஷில் பதில் சொல்வாள், சாம்பார் மட்டும் பொதுவாக இருக்கும். சனிக்கிழமைகளில் ஒரு சமூகக் கூடத்துக்கு ஆட்டம் கற்றுக்கொள்ளப் போக ஆரம்பித்தாள். வீட்டுக்காரர் ஓட்டலில் சமையல் வேலை பார்க்கிறார், சனிக்கிழமை அவருக்குத் தலைக்கு மேல் வேலை. அவரிடம் முறையிட்டேன்.

"ஆடத்தான போவுது, வுடு" என்றார்.

"யார் யாரோ இடுப்பப் புடிக்கிறானுங்களாம்."

"அப்ப நீயும் போயி காவல் இரு."

கிண்டலாகத்தான் சொன்னார். நான் நிஜமாகவே கிளம்பினேன். கயல் வழி நெடுக என்னை விட்டுத் தள்ளியே வந்தாள். அங்கே போனால், ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்க இடமில்லை, ஆடினால் உள்ளே இருக்கலாம், இல்லாவிட்டால் வெளியே காத்திருக்கலாம் என்றான் வாத்தியாராக இருந்த பையன். வெளியே குளிர் எலும்பைக் குத்தியது. சால்வையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நின்றேன்.

இடுப்பு விஷயத்தில் நான் பயந்த மாதிரி இல்லை. வாத்தியார் முதலில் சொல்லிக்கொடுத்ததே கூப்பிடுகிற முறையைத்தான். ஆட விரும்புகிறவர் கையை நீட்டிவிட்டு நிற்க வேண்டும். எதிரில் இருப்பவர் வந்தால் வருவார், வராவிட்டால் சிரித்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். இழுக்கவே கூடாது. எங்கள் ஊரில் துக்கத்துக்கு வந்தவளைக் கேட்டுக்கொண்டா கட்டிப்பிடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பாட்டுக்கு ஒருவர் என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கும். பையன்கள் வந்தபோது கட்டை மாதிரி கை தூரத்தில் நின்று ஆடினேன். ஒருவன் காலை நன்றாகவே மிதித்தேன். மன்னிப்பு அவன் கேட்டான்.

4

நாலைந்து வாரம் இப்படிப் போனது. ஒருநாள் மிலாக்ரோஸ் வந்தாள். முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்கிறவள், டொமினிக்கன்காரி, அறுபது வயதிருக்கும். நான் வகுப்புக்குப் போகிறேன் என்று கேள்விப்பட்டு, தன் ஊர் ஆட்டத்தை இந்தப் பிள்ளைகள் என்ன பாடு படுத்துகிறார்கள் என்று பார்க்க வந்திருந்தாள். வந்ததிலிருந்து குறைதான். இடுப்பை இப்படியா உடைப்பது, இது என்ன உடற்பயிற்சியா என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

ஆள் மாறியபோது அவள் என் முன்னால் வந்தாள். புதுப் பாட்டு ஒன்று ஆரம்பித்திருந்தது. கிதார் மேலே தனியாகப் புலம்பியது, அடியில் அந்தத் தும் தும் விழுந்தது. மிலாக்ரோஸ் கையைப் பிரித்தாள். ஒரு கை என் தோள்பட்டைக்குப் பின்னால் வந்து அழுந்தியது. இந்தப் பக்கம் அடி வைத்து, அந்தப் பக்கம் திரும்பினாள்.

ஒரு பெண் கையைப் பிரித்து, தோளில் அழுத்திப் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினால் என் உடம்புக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அது பாட்டு எந்த ஊர்ப் பாட்டு என்று கேட்கவில்லை. என் தலை தானாக அவள் தோளில் சாய்ந்தது, வாய் தானாகத் திறந்தது.

"எக்கா... லாரிப் புழுதியில எம் மூக்க மூடுனவளே... நீ போற வண்டி பின்னால நடக்கக்கூட நாதியத்துப் போனேனே..."

கூடம் முழுவதும் கேட்டிருக்கும். ஒப்பாரி என்ன மெதுவாகவா வரும்? பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். வாத்தியார் பாட்டை நிறுத்தப் போனான். மிலாக்ரோஸ் அவனைப் பார்த்துத் தலையை அசைத்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். என் காதுப்பக்கம் சொன்னாள்: "நீ அழு. தாளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்."

அவள் நிற்கவில்லை, என்னை விடவும் இல்லை. பாட்டு முடியும்வரை அவள் ஆட்டிக்கொண்டே போனாள், நான் அழுதுகொண்டே போனேன். முடிந்ததும் அவள் சட்டைத் தோள் நனைந்து கிடந்தது.

"யார்?" என்று கேட்டாள்.

"அக்கா."

"எப்போது?"

"போன வருஷம்."

போன வருஷத்துக்கு இப்போது என்ன அழுகை என்று அவள் கேட்கவில்லை. தன் அம்மா காலத்தில் இந்தப் பாட்டுகளைக் கசப்புப் பாட்டு என்றுதான் சொல்வார்களாம், மரியாதையான வீடுகளில் போடவே மாட்டார்களாம். "நின்றுகொண்டு அழுதால் கால் வலிக்கும், அதனால்தான் ஆடுகிறோம்" என்றாள். எனக்கு அவமானத்தில் தலை நிமிரவில்லை. மகளின் சிநேகிதர்கள் முன்னால் இப்படிச் செய்துவிட்டோமே, இனி இவள் நம்மோடு எங்கேயும் வரமாட்டாள் என்று நினைத்தேன்.

மெட்ரோவில் கயல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தமிழில் கேட்டாள்.

"பெரியம்மாவுக்கா?"

"ம்."

"என்னா வார்த்த அது? எனக்கு லாரி மட்டும்தான் புரிஞ்சிச்சு."

சொன்னேன். தாவணி, புழுதி, வேன் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பெரியம்மாவைப் பற்றி அவள் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க பாடுனது பீட்லயே இருந்துச்சும்மா" என்றாள். பிறகு, "ஊருக்கு நானும் வரேன்" என்றாள்.

5

செல்விக்கு நாங்கள் வருகிற செய்தியை அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று நீலக் குறி விழுந்தது, பதில் விழவில்லை. சென்னையிலிருந்து ரயிலில் அரியலூர் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கீழப்பழுவூர் போனோம். லாரிகள் முன்னைவிட அதிகம். கயல் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு, இன்னொரு முனையை என்னிடம் நீட்டினாள். வாங்கி நானும் மூக்கை மூடிக்கொண்டேன்.

வீட்டில் நாங்கள் பையை வைப்பதற்குள் தெருப் பெண்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். கயலுக்கு நான் சின்ன வயதில் கற்றுக்கொடுத்த ஒரே மரியாதை, யார் வந்தாலும் "வாங்க" சொல்வது. வாசலில் நின்று எல்லோரையும் அழகாக வாங்க வாங்க என்று கூப்பிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்து வீட்டு சரோஜா அக்காதான், "இழவு கேக்க வந்தவங்கள வாங்கன்னு சொல்லக்கூடாது கண்ணு" என்று அவள் கன்னத்தைத் தடவிவிட்டு உள்ளே வந்தாள்.

செல்வி அடுப்படியிலிருந்து வந்து நடுவீட்டில் நின்றாள். இளைத்திருந்தாள். அக்காவின் முகம்தான், அந்த மூக்கும் அந்த நெற்றியும். அவளும் வாங்க என்று சொல்லவில்லை. முறைக்காகச் சொல்லவில்லையா, என் மேல் இருக்கிற கோபத்தில் சொல்லவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கையை விரித்தேன். அவள் கை இரண்டும் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

ஊர் முறைப்படி நான் பாய்ந்து போய் அவளைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஓர் அடி எடுத்தும் வைத்தேன். பின்னாலிருந்து கயல், "இழுக்காதீங்கம்மா" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. விரித்த கையோடு நின்றேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை வலித்தது. செல்வி திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சரோஜா அக்கா சங்கடத்தோடு என் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். வட்டம் கையைப் பிரித்து என்னை வாங்கிக்கொண்டது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடினோம். எல்லோரும் அழுதார்கள். எனக்கு வரவில்லை. மாட்ரிட்டில் முன்பின் தெரியாதவர்கள் மத்தியில் கொட்டினது, அக்கா படுத்துக்கிடந்த அதே தரையில் உட்கார்ந்தால் வரவில்லை. என் கண் அடுப்படி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

அங்கிருந்து செல்வி வந்தாள். கையில் சொம்பு. எனக்கு நேராக நீட்டினாள்.

"தண்ணி குடிங்க சித்தி."

வட்டத்தில் சத்தம் நின்றுபோனது. அழாதவளுக்குத் தண்ணீர் கொடுப்பது என்றால், நீ அழ வேண்டிய உறவு இல்லை, வந்த விருந்தாளி, குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். நடுவீட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

எழுந்து நின்றேன். சொம்பை வாங்கவில்லை.

"தண்ணி எப்பக் கொடுக்கறதுன்னு ஒனக்குத் தெரியாதாடி?"

"தெரியும்."

"தெரிஞ்சிதான் கொடுக்கறியா?"

சொம்பில் தண்ணீர் தளும்பியது. மறுபடியும் கையை நீட்டினேன். இந்தத் தடவை ரொம்பவும் விரிக்கவில்லை. வராவிட்டால் விலகிக்கொள்ளத்தான் நினைத்திருந்தேன்.

"எனக்கு அழுவ வராது சித்தி" என்றாள் செல்வி. "வருசம் பூரா அழுதாச்சு. எவ வந்தாலும் கட்டிகிட்டு அழுதேன். எங்கம்மாவத் தெரியாதவ வந்தாக்கூட அழுதேன். நீங்க வர்றப்ப என்கிட்ட ஒண்ணும் மிச்சமில்ல. நான் என்னா பண்ணட்டும்? வறண்ட கண்ண வச்சிகிட்டு ஒங்கள எப்புடிக் கட்டிக்கறது?"

போனில் என் கண்ணைப் பற்றி அவள் சொன்னது இப்போது அவள் கண்ணுக்கே வந்துவிட்டது. அவளுக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அப்படியே நின்றேன். அவள் குனிந்து சொம்பைத் தரையில் வைத்தாள். நிமிர்ந்து கிட்டே வந்தாள். அவள் கை என் தோளுக்குப் பின்னால் வந்து அழுந்தியது.

"நீங்க அழுவுங்க சித்தி" என்றாள். "நான் புடிச்சிக்கறேன்."

மிலாக்ரோஸ் என்று ஒருத்தி இருப்பதே அவளுக்குத் தெரியாது. கயலைப் பார்த்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அழுதேன். லாரியைச் சொல்லி, தாவணியைச் சொல்லி, இடுப்பைச் சொல்லி, தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பா பெயரில் நின்ற ஆபீஸைச் சொல்லி, மடித்த போர்வையைச் சொல்லி அழுதேன். செல்வி ஆடாமல் என்னைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் கால்தான் பழக்கத்தில் பக்கவாட்டில் போய்ப் போய் வந்தது. கொஞ்ச நேரத்தில் அவளும் என்னோடு சேர்ந்து நகர்ந்தாள். பின்னாலிருந்து கயலின் கை ஒன்று என் தோளிலும் ஒன்று அவள் தோளிலும் விழுந்தது.

அடங்கியபோது செல்வி குனிந்து சொம்பை எடுத்து மறுபடியும் நீட்டினாள். வாங்கிக் குடித்தேன்.